குமரேசனுக்கு ஏறாத பாடம்

"மூணே மூணு கிளிக் சார். எல்.கே.ஜி. பசங்க பண்ணுவாங்க. உங்களால ஏன் முடியல?"

பிரவீன்குமார் இப்படிக் கேட்டதும் குமரேசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதை விற்கும் கம்பெனி ஒன்றின் திண்டிவனம் கிளையில் குமரேசன் கணக்கர். அவருடைய கம்ப்யூட்டரில் இடம் நிரம்பிவிடும். தினமும் நிரம்பிவிடும். உடனே ஹாலில் டைப் அடித்துக்கொண்டிருக்கும் கலைப்பிரியாவைக் கூப்பிடுவார். அவள் அவர் அறைக்குள் போய்ச் சுத்தம் செய்வாள். இவர் டீக்கடைக்குப் போய்விடுவார். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம்.

விழுப்புரத்தில் உட்கார்ந்து ஹால் கேமராவில் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. ஹெட் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் பிரவீன்குமாரை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்.

"கத்துக் குடு. ஏறலைன்னா சொல்லு. அந்த ஆளை மேல்மலையனூர் குடோனுக்கு மாத்திடறேன். மூட்டை எண்ணட்டும்."

பிரவீன்குமார் பாடம் நடத்துவதில் சமர்த்தன். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சமர்த்தன்.

"கேஷ் ஃபைல்னா என்ன சார்? நீங்க பார்த்த பக்கம் அடுத்த தரம் சீக்கிரமா வரணும்னு கம்ப்யூட்டர் ஒரு நகல் எடுத்து வெச்சிக்கும். கல்யாணப் பந்தியில முன்கூட்டியே தண்ணி ஊத்தி வெக்கிற டம்ளர் மாதிரி. கொட்டினாலும் நஷ்டமில்ல, திரும்ப ஊத்திக்கலாம். ஆனா சாம்பார் அண்டாவைக் கொட்டக் கூடாது. டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், இதெல்லாம் அண்டா. புரியுதா?"

"டம்ளரைக் கொட்டலாம். அண்டாவைக் கொட்டக் கூடாது."

"அவ்வளவுதான். இப்ப நீங்க பண்ணுங்க."

குமரேசன் மவுசைப் பிடித்தார். நேராக டாக்குமெண்ட்ஸ் மேல் போய் நின்றார்.

"சார்! அது அண்டா!"

"அடடே."

மறுபடி முயன்றார். இந்தத் தடவை பிரவுசருக்குள் சரியாகத்தான் போனார். ஆனால் கேஷோடு சேர்த்து, சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளுக்கும் டிக் போட்டுவிட்டு, அழிக்கும் பட்டனை நோக்கி நகர்ந்தார். பிரவீன்குமார் பாய்ந்து மவுசைப் பிடுங்கினான்.

"எப்படி சார் தினம் நிரம்புது?" என்று துழாவியவன் திகைத்துப்போனான். "எல்லாம் மாட்டுச் சந்தை வீடியோ! ஆபீஸ் நேரத்துல மாடு பார்த்துக்கினு இருக்கீங்களா?"

"ஒரு ஜெர்சி மாடு வாங்கலாம்னு..." என்று இழுத்தார் குமரேசன்.

"போதும் சார். தானாவே சுத்தம் பண்ணிக்கிற மாதிரி வெச்சிட்டேன். இனிமே யாரும் இந்த ரூமுக்கு வரவே வேணாம்."

ஹாலில் கலைப்பிரியாவின் டைப் சத்தம் நின்றது.

"அதை எடுத்துடுங்க தம்பி. மிஷினை நம்ப முடியாது," என்றார் குமரேசன். பிறகு கதவுப்பக்கம் திரும்பி, "பிரியா, வந்து சுத்தம் பண்ணும்மா!"

"நான்தான் இப்ப பண்ணேனே சார்!" என்றான் பிரவீன்குமார்.

"இன்னொரு தரம் பண்ணா தேஞ்சா போயிடும்? வாங்க, டீ சாப்பிடலாம்," என்று அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

டீக்கடையில் பிரவீன்குமார் முடிவாகச் சொல்லிவிட்டான். "மேனேஜர்கிட்ட உள்ளதைத்தான் சொல்லப்போறேன் சார். மேல்மலையனூருக்குக் கிளம்ப ரெடியா இருங்க."

"நான் போறது பேஜாரு இல்ல தம்பி. இந்த ரூமுக்கு வேற எவனாச்சும் வந்துடுவானே."

ஏசி அறை மேல் இந்த வயசில் இவ்வளவு ஆசையா என்று நினைத்தபோதுதான் பிரவீன்குமாருக்கு லேப்டாப்பை அந்த அறையிலேயே விட்டுவந்தது ஞாபகம் வந்தது. எழுந்து நடந்தான்.

"தம்பி, ஜல்தியா போவாதீங்க! கொஞ்சம் இருங்க!" குமரேசன் பாதி டீயை வைத்துவிட்டுப் பின்னால் ஓடிவந்தார்.

அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஹால் ஜன்னல் வழியே பார்த்தால், கட்டடத்தின் பின்பக்கம் ஆள் ஏறாத ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. கதவைத் தட்டக் கையைத் தூக்கியவன் அப்படியே நின்றான்.

உள்ளே ஒரு குழந்தை சிணுங்கியது. சட்டென்று அடங்கியது.

குமரேசன் மூச்சு வாங்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"அது பிரியாவோட புருஷன் ஆட்டோ. இந்த ரூமு பின்வாசல் வழியா புள்ளையை எடுத்தாந்து குடுத்துட்டு நிப்பான். பால் குடிக்கிற புள்ள தம்பி. ஹால்ல கேமரா இருக்குது. சீட்டை விட்டு எழுந்தா, எங்க போனேன்னு விழுப்புரத்துலேர்ந்து போன் வருது. தாழ்ப்பா இருக்கிற ரூமு இது ஒண்ணுதான். வேலைன்னு கூப்ட்டாதானே அது உள்ள வர முடியும்? அதான், காலையிலயும் மத்தியானமும் மாட்டு வீடியோவா ஓடவுட்டு நிரப்பறேன்."

பிரவீன்குமார் தட்டத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டான்.

"பாஸ்வேர்டை நெசமா அழிச்சிருக்க மாட்டேன் தம்பி. அந்த அளவுக்கு விவரம் உண்டு."

பிரவீன்குமாரின் போன் அடித்தது. மேனேஜர்.

"என்னப்பா, அந்த ஆளுக்கு ஏறுச்சா?"

"ஏறவே ஏறாது சார். ஆனா அவரை மாத்திடாதீங்க, இந்தப் பழைய மிஷின் அவர் கைக்குத்தான் அடங்குது. தானா சுத்தம் பண்றதும் இதுக்கு ஒத்துக்கல, எடுத்துடறேன். தினம் ரெண்டு வேளை கலைப்பிரியாவே கையால பண்ணட்டும்."

"எத்தனை நாளைக்குப்பா இந்தக் கூத்து?"

கதவுக்குள்ளிருந்து ஒரு குட்டி ஏப்பம் கேட்டது.

"ஒரு வருஷமாச்சும் ஆகும் சார். கதவைச் சாத்திக்கினுதான் பண்ணணும். காத்து பட்டா ஆகாது."