இரண்டு விரல்

தேயிலைத் தோட்டத் தொழிலாளி கஜேந்திரனைத் தோட்டத்தின் கைபேசி ஆப்பிலிருந்து ஒழித்துக்கட்டுவதென்று நலன்புரி அதிகாரி பிரதாபன் முடிவு கட்டிவிட்டார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் ஒழுகும் கூரையைப் படம் பிடித்து அதில் தினம் ஒன்று போட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? ‘அடுத்த மாதம் தகடு வரும்’ என்று அதிலேயே அவரும் சளைக்காமல் பதில் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

ஆப்பைச் செய்தது கம்பெனி. நிர்வாகம் மட்டும் எல்லாருக்கும் பொதுவாம்! மூன்று முறை பொய் எழுதியவரை வெளியேற்றலாம். கம்பெனி சார்பில் பிரதாபனும், தொழிலாளர் தேர்ந்தெடுத்த ஒருவரும் சேர்ந்து அமுக்கினால் ஆள் காலி. விதிமுறை முப்பது பக்கம். “வாசிக்க நேரமில்ல, சம்மதம்னு அமுக்குங்க” என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லார் விரலையும் அமுக்க வைத்தவரும் பிரதாபன்தான்.

தொழிலாளர் தேர்ந்தெடுத்தது கொழுந்தெடுக்கும் வீரம்மாவை. நேற்றுவரை “ஏய்” என்று கூப்பிட்ட பிரதாபன், இன்று ஆபீசில் நாற்காலி போட்டுப் பால் தேநீரும் கொடுத்தார்.

“நீங்களே ஆரம்பிச்சு வைங்க வீரம்மா. கம்பெனி வெரட்டிருச்சுன்னு ஒரு பய பேசக்கூடாது.”

“மூணு பொய் காட்டணுமேங்க?”

“அது உங்க கெட்டித்தனம்.”

தேநீரை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, “சரிங்க” என்றாள் வீரம்மா.

விஷயம் லயத்துக்கு எட்டியது. கஜேந்திரன் பதறி ஓடி வந்தான். தோட்டத்து ஆம்புலன்சைக் கூப்பிடுவதும் அந்த ஆப்பில்தான்.

“அக்கா, நீங்களுமா? வீட்டுல நெறமாசமா இருக்கா அக்கா!”

வீரம்மா போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஒரு வாய்த் தேநீருக்கு விலைபோன சிறுக்கி என்று லயமே காறித் துப்பியது.

மறுநாள் காலை பெரட்டில் எல்லார் முன்னாலும் பிரதாபனிடம் வந்தாள்.

“ஆளு மாட்டிக்கிச்சுங்க ஐயா. மூணு பொய்யும் தேதியோட போட்டு நான் அமுக்கிட்டேன். நீங்க வாசிச்சிட்டு அமுக்குங்க.”

“இதுல வாசிக்க என்னா கெடக்கு?”

கஜேந்திரனைப் பார்த்துச் சிரித்தபடியே, பிரதாபன் தன் போனில் விரலை வைத்து அழுத்தினார். கஜேந்திரன் கண்ணை மூடிக்கொண்டான்.

டிங் என்றது பிரதாபனின் போன்: ‘அடுத்த மாதம் கூரைத் தகடு வரும் என்று மூன்று முறை பொய் எழுதியதற்காக நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்.’