முதுகில் எழுதிய சிங்கம்

என் முதுகில் ஏழு சிவப்புத் தடிப்புகள் வரிசையாக முளைத்திருந்தன. கடித்தது இட்லித் தட்டு அகலச் சிலந்தி என்றும், அதன் எட்டுக் கால்களில் மூன்று கட்டிலுக்கு வெளியே தொங்கின என்றும் சத்தியம் செய்தேன். என் மனைவி சௌந்தரம் நம்பவில்லை. "பார்க்காத சிலந்திக்கு எதுக்குங்க இவ்வளவு நீளக் கால்? இது அக்கி. எனக்கும் ஒட்டிக்கும்" என்றவள், கல்யாணமான நாற்பத்தொரு வருடத்தில் முதல்முறையாகத் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். என் காபி டம்ளர்கூடத் தனியாகிவிட்டது. சிலந்திதான் என்று நிரூபித்தால் திரும்பி வருவாள். ஆனால் மூலை முடுக்கெல்லாம் தேடியும் சிலந்தி அகப்படவில்லை.

அக்கியை அடக்க, பானை செய்யும் வேளாரை அவளே அழைத்து வந்தாள். அவர் கோழி இறகைக் காவியில் தோய்த்து என் முதுகு நிறையச் சிங்கம் எழுதினார். "சிங்கமா இது? உங்கள மாதிரியே முழிக்குது" என்று தள்ளி நின்று சிரித்தாள்.

மறுநாள் காலை கைக்கண்ணாடியில் முதுகைப் பார்த்தேன். சிங்கத்தின் தலை பாதி அழிந்திருந்தது. சௌந்தரம் காபியை எட்ட வைத்துவிட்டு நகர்ந்தாள். அவள் இடது கன்னத்தில் காவி நிறத்தில் பிடரி, ஒரு காது, முழிக்கும் கண்.

"ராத்திரி எங்க தூங்கினே?"

"கூடத்துலதான். உங்க பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல."

கைக்கண்ணாடியை அவள் பார்க்காதபடி கவிழ்த்து வைத்தேன்.

"நீ சொன்னதுதான் சரி, சௌந்தரம். சிலந்தியே இல்ல, அக்கிதான். வேளாரை இன்னிக்கும் வரச் சொல்லு. காவியக் கொஞ்சம் கெட்டியாக் குழைக்கணும்."