ஒரு வருஷமாவது ஓடணும்

“இதுல எது ரொம்ப நாளைக்கு ஓடும்?”

பொழுதுபோக்குச் சாமான் கடையில் அரை மணி நேரமாக அந்தப் பெண் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து ஸ்டூலில் அவளுடைய அப்பா. லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“ஆயிரம் துண்டு படப்புதிர் இருக்கு மேடம்,” என்றார் விற்பனையாளர்.

“முடிக்க எத்தனை நாள் ஆகும்?”

“பத்து நாள்.”

“பத்தாது. அப்புறம் சும்மா உட்கார்ந்திருப்பார்.”

ஓவியப் பெட்டியைக் காட்டினார்.

“பெயின்ட் தீர்ந்தா மறுபடி கடைக்கு வரணும். யார் கூட்டிட்டு வருவாங்க?”

அப்பா மெல்ல எழுந்து ஒரு செஸ் போர்டை எடுத்தார். “இது நல்லா இருக்கேம்மா. சின்ன வயசுல தோத்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பியே. சாயங்காலம் நாம ரெண்டு பேரும்...”

“வைங்கப்பா அதை. கூட ஒரு ஆள் வேணும்ங்கற எதுவும் வேண்டாம்.”

அவர் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

விற்பனையாளருக்குச் சுருக்கென்றது. பெத்த அப்பாவோடு கொஞ்ச நேரம் உட்காரக்கூட வலிக்கிறதா? கையில் எதையாவது கொடுத்து மூலையில் உட்கார வைக்கப் பார்க்கிறாளே.

கடைசியில் ஒரு மரக்கப்பல் தேறியது. பெட்டிக்குள் இரண்டாயிரம் குட்டித் துண்டுகள். தினம் இரண்டு மணி நேரம் ஒட்டினாலும் முடிக்க ஒரு வருஷம் ஆகும் என்றதும்தான் அவள் முகம் தெளிந்தது.

“தினமும் செய்யணும்ப்பா. ஒரு நாள்கூட விடக்கூடாது.”

“செய்யறேம்மா.”

பணம் கட்டப் போனாள். நாலு எட்டு வைப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு நடந்தாள்.

விற்பனையாளருக்கு மனசு கேட்கவில்லை. “ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணுக்கு உங்களோட உட்கார நேரமே இல்லையா?”

“இல்லைதான் தம்பி,” என்றார் பெரியவர். “அவளுக்கு இன்னும் ரெண்டு மாசம்தான்னு டாக்டர் சொல்லிட்டார். ரிப்போர்ட்டை அலமாரியில துணிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கா. நான் பார்க்கலைன்னு நினைச்சிட்டிருக்கா. வீட்டுல எங்க ரெண்டு பேரைத் தவிர யாரும் கிடையாது.”

விற்பனையாளர் கப்பல் பெட்டியைப் பிடித்தபடி நின்றார்.

ரசீதோடு மகள் திரும்பி வருவது தெரிந்தது. பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

“அவ போனப்புறம் இதைத் தொடற தெம்பு எனக்கு இருக்காது தம்பி. ஆனா இப்போ அவ வர்றா. எந்தத் துண்டுல ஆரம்பிக்கணும்னு சொல்லிக் குடுங்க. நான் ஆசையா கேட்டுக்கறேன்.”