இடக்கை ராசா

சன்னல் வழியே வந்த வெயில் அச்சு எந்திரத்தின் மேல் படுத்துக் கிடக்கிறது. மை காயாத மாதிரித் தாளை அமலநாதன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறான். அவர்கள் நடத்தும் சிறுவர் பத்திரிகையின் படக்கதைக்கு அவன் மனைவி ஆனந்தமேரி செதுக்கிய மரக்கட்டை இன்றுதான் முதன்முதலாக அச்சேறியிருக்கிறது. “ராசா கத்திய இடக்கையில புடிச்சிருக்கான் பாரு. அச்சுல இடம் வலமா மாறிடும், கட்டையில எல்லாம் மாத்தித்தான் செதுக்கணும்னு சொன்னேனே,” என்கிறான். “எனக்குச் சரியாத்தாங்க பட்டுது.” அவள் உளியை முந்தானையில் துடைக்கிறாள், இடக்கையால். சின்ன வயதில் அந்தக் கையால் சிலுவை போட்டதற்குக் கோயிலிலேயே அடி வாங்கியவள். வேறு கட்டை செதுக்க நேரமில்லை, சாயங்கால ரயிலுக்குப் பத்திரிகைக் கட்டுகள் போயாக வேண்டும். அவன் எழுத்துப் பெட்டியின் முன் போய் நிற்கிறான். ஈய எழுத்துகள் ஒவ்வொன்றாக அவன் கைக்கு வரும் சத்தம் மட்டும் கேட்கிறது. கதையின் தொடக்கத்தில் ஒரு வரி கூடுகிறது. ஆனந்தமேரி எட்டிப் பார்த்து, தலைகீழ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கிறாள்: ‘அந்த நாட்டில் எல்லாருமே இடக்கைக்காரர்கள்.’ “எல்லாருமா?” என்கிறாள். “அடுத்த கட்டையும் நீதான செதுக்கப்போற.”