மாமியார் கைச் சம்பல்

"எங்க வீட்டுப் பொம்பளைங்க விடிஞ்ச பிறகு எழுந்ததா சரித்திரமே இல்ல. பொழுது விடியறப்ப மேசையில நாசி லெமாக் ரெடியா இருக்கும். என் மாமியார் போட்ட பழக்கம் லா!"

கிள்ளான் வீட்டில் கூடியிருந்த சொந்தக்காரர்கள் முன்னால் நல்லம்மாள் பெருமையாகச் சொன்னாள். அவள் வீட்டு மிளகாய்ச் சம்பலுக்கு அந்தத் தாமான் குடியிருப்பு முழுக்க ரசிகர்கள்.

புதுப்பெண் விஷ்ணுப்ரியா அதைக் கேட்டுத் திடுக்கிட்டாள். பிரிக்பீல்ட்ஸில் பிறந்த வீட்டில் அவள் ஒன்பது மணிக்கு முன் கண் விழித்ததே இல்லை. அது போதாதென்று அவள் அம்மா சந்திரகலா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"எங்க பொண்ணும் அப்படித்தான் சம்பந்தி. கோழிக்கு முன்னாடி எழுந்திடுவா!"

எல்லோரும் போன பிறகு நல்லம்மாள் மருமகளைத் தனியே அழைத்தாள்.

"அசதியா இருப்பே. காலையில அடுப்படிப் பக்கம் வராதே, என்ன? நல்லாத் தூங்கு."

ப்ரியா உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அடி அசடே! மாமியார் வராதேன்னா, வரியா இல்லையான்னு பார்க்கிறாங்கன்னு அர்த்தம். முதல் நாளே தூங்கி என் மானத்தை வாங்காதே!"

கணவன் சுகுமாறனிடம் கேட்டாள். "அத்தை எத்தனை மணிக்கு எழுவாங்க?"

"யாருக்குத் தெரியும்? நான் எழுந்து வரப்ப சாப்பாடு இருக்கும், சாப்பிடுவேன்" என்றபடி அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் விடியற்காலையில் அலாரம் அடித்தபோது ப்ரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். நாசி லெமாக்கின் தேங்காய்ப்பால் சோறும் சம்பலும் அதற்குள் மணத்தன. போச்சு, முந்திக்கொண்டார்கள்!

"மன்னிச்சிடுங்க அத்தை, லேட்டாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குள் ஓடினாள்.

கரண்டியோடு திரும்பியவர் மாமனார் வேலாயுதம். கைலியை மடித்துக் கட்டியிருந்தார்.

"மாமா... நீங்களா?"

"மெதுவாப் பேசும்மா! அதான் உன்னை இந்தப் பக்கம் வராதேன்னு சொல்லச் சொன்னேன். உங்க அத்தையை எட்டு மணிக்கு முன்னாடி யாராலயும் எழுப்ப முடியாது. எனக்கு விடியக்காலம் தூக்கமே வராது. வெளிய மட்டும் சொல்லிடாதே."

மாடியிலிருந்து நல்லம்மாளின் குறட்டை கேட்டது. ப்ரியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் வந்தது.

"மாமா, உண்மையைச் சொல்லிடறேன். எனக்கும் ஒன்பது மணிக்கு முன்னாடி கண்ணே திறக்காது. அம்மா சும்மா சொன்னாங்க."

"அவ்வளவுதானே? போய் நிம்மதியாத் தூங்கு. போறப்ப சுகுமாறனை எழுப்பி இங்க அனுப்பு."

"அவர் எதுக்கு மாமா?"

வேலாயுதம் சம்பலைக் கிளறிவிட்டுச் சொன்னார்.

"எனக்குக் கல்யாணமான மறுநாள், இதே நேரத்துலதான் எங்கப்பா என்னை எழுப்பி இந்தச் சம்பலைச் சொல்லிக் குடுத்தாரு."