ஐந்து மணிப் புகார்

“உங்க மேனேஜர்கிட்ட பேசினோம் சார். நீங்க தினமும் அஞ்சு மணிக்கு டாண்ணு கிளம்பிடுவீங்களாமே?”

புதுக் கம்பெனியின் ஹெச்.ஆர். அம்மா போனில் இப்படிக் கேட்டதும் ஸ்டோர் கீப்பர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

இன்டர்வியூவில் அவர் மார்தட்டியது வேறு மாதிரி. “எத்தனை மணி ஆனாலும் இருந்து முடிச்சுட்டுத்தான் போவேன் மேடம்!”

“அது வந்து மேடம்...”

“நாளைக்குப் பதினோரு மணிக்கு நேர்ல வாங்க. பேசிக்கலாம்.”

அவ்வளவுதான், வேலை போச்சு என்று முடிவு செய்துவிட்டார்.

இப்போது வேலை பார்க்கும் தொழிற்சாலையை மாசக் கடைசியில் இழுத்து மூடுகிறார்கள். ஐம்பதை நெருங்குகிற ஆளுக்கு இன்னொரு வேலை குதிரைக் கொம்பு. ஏழு இடம் ஏறி இறங்கியதில் இது ஒன்றுதான் கைகூடி வந்தது. அதிலும் மண்ணைப் போட்டுவிட்டார் மேனேஜர்.

அந்த மேனேஜருக்கு ஸ்டோரில் ‘கடுகு’ என்று பெயர். எப்போது வெடிப்பார் என்று யாருக்கும் தெரியாது. ஷிப்ட் முடிவது ஆறரைக்கு. ஆறு வருஷமாக இவர் ஐந்துக்கே பையைத் தூக்குவார். கடுகு கடிகாரத்தையும் இவரையும் மாறி மாறி முறைப்பார். ஏன் என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

“கடுகு போட்டுக் கொடுத்துட்டார்” என்றார் மனைவியிடம்.

அவள் நர்ஸ். சாயந்திர டியூட்டிக்கு யூனிஃபார்மை மாட்டிக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு அவள் படி இறங்கினால், ஞாபகம் போன அவள் அப்பாவுக்குத் துணை இவர்தான். ஒரே ஒரு நாள் தனியாக விட்டதற்கு, மனுஷர் பஸ் ஏறிக் கடைசி ஸ்டாப் வரை போய்விட்டார்.

“முதல்லயே உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா எவன் வேலை தருவான்?”

“சரி, வேலை கிடைச்ச பிறகு? எங்கப்பாவை யார் பார்த்துக்குவா?”

“அதை அப்புறம் பார்த்துக்கலாம்னு...”

மூலை நாற்காலியிலிருந்து மாமனார் இவரையே கேட்டார். “தம்பி, எங்க மாப்பிள்ளை இன்னும் வரலியா?”

“வந்துடுவார் மாமா. நீங்க சாப்பிடுங்க.”

மறுநாள் காலையில் நேரே கடுகின் அறைக்குள் நுழைந்தார். இனி இழக்க என்ன இருக்கிறது?

“அஞ்சு மணி விஷயத்தை அவங்க கேட்டாங்களா சார்?”

“கேக்கலை. நானாத்தான் சொன்னேன்.” கடுகு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“என் வயித்துல அடிச்சுட்டீங்களே சார்! வேலையில ஒரு குறை சொல்ல முடியுமா உங்களால?”

“பதினோரு மணிக்குத்தானே வரச் சொல்லியிருக்காங்க? இங்க நின்னு என்ன பண்றீங்க? கிளம்புங்க!”

மணி வரைக்கும் விசாரித்து வைத்திருக்கிறார்! முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார்.

ஹெச்.ஆர். அம்மா ஒரு தாளை முன்னால் நகர்த்தினார். வேலை உத்தரவு. வேலை நேரம்: காலை எட்டு முதல் மாலை நாலரை வரை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் படித்தார். அதேதான்.

“மேடம், கடு... எங்க மேனேஜர் என்னைப் பத்திக் குறை சொன்னாரே?”

“உங்களை எடுக்கிறதுன்னு நாங்க முன்னாடியே முடிவு பண்ணிட்டோம் சார். நேரத்தைத்தான் ஒன்பதுலேருந்து ஏழுன்னு போட்டிருந்தோம். அதைக் கேட்டதும் உங்க மேனேஜர் வெடிச்சார் பாருங்க! நேரத்தை மாத்தறேன்னு நான் சொல்ற வரைக்கும் போனை வைக்கலை.”

“அப்படி என்ன சொன்னார்?”

ஹெச்.ஆர். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

“‘அஞ்சு மணிக்கு மேல அந்த ஆளோட வேலையை ஆறு வருஷமா நான்தான் செஞ்சுட்டு வர்றேன், அது அவருக்கே தெரியாது. உங்க கம்பெனியில அதை யார் செய்வாங்கன்னு பேரைச் சொல்லுங்க, அப்புறம் அவரை ஏழு மணி வரைக்கும் உக்கார வைங்க’ன்னார்.”