பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

பொத்தானை அழுத்தினாள்.

விசிறிகள் சுற்றின. உள்ளே விளக்குகள் எரிந்தன. திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது.

பெட்டிக்குள் மதர்போர்டு பலகையின் ஓரத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு. மெமரியைப் பார், மெமரியைப் பார் என்று காலையிலிருந்து அது ஒரே பல்லவியைப் பாடுகிறது.

பார்த்தாயிற்று. மூன்று முறை கழற்றி மூன்று முறை மாட்டியாயிற்று. இடம் மாற்றியும் மாட்டியாயிற்று. இன்னும் என்னத்தைப் பார்ப்பது?

மணி பத்தேகால்.

பதினொன்றுக்குக் கட்டட வரைபட அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள். அவர்கள் கண்முன் ஒரு சின்ன வீட்டை இந்த மெஷினில் வரைந்து காட்ட வேண்டும். விஜயதசமி, நல்ல நாள், வீட்டிலிருந்தே ஆரம்பியுங்கள் என்று அவர்கள்தான் நாள் குறித்தார்கள். நீங்கள் வராவிட்டால் அடுத்த ஆள் தயாராக இருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

எட்டு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த வேலை.

கம்ப்யூட்டரைக் கடையில் முழுசாக வாங்கிவிடலாம் என்றான் கணவன். நீயே கோர்க்க இதென்ன பொம்மை செட்டா என்றும் கேட்டான். வீட்டில் அவள் பக்கம் நின்றவர் ஒரே ஆள். மாமனார். பஸ் டெப்போவில் முப்பத்திரண்டு வருஷம் மெக்கானிக். எஞ்சினில் என்ன கோளாறென்று பானட்டைத் திறந்ததும் மோப்பத்திலேயே சொல்லிவிடுவாராம்.

"நான் எஞ்சினையே எறக்கி ஏத்திருக்கேன். இத அவ மாட்ட மாட்டாளாக்கும்?" என்று மகனின் வாயை அடைத்தார்.

அந்த மனிதர்தான் இப்போது பின்னால் நிற்கிறார். வேட்டி நுனியை முறுக்குகிறார், விடுகிறார், மறுபடி முறுக்குகிறார். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை.

"நல்ல நாளும் அதுவுமா இப்படியா இருட்டிக்கிட்டு நிக்கும்?"

அடுக்களையிலிருந்து மாமியார்.

மாமனார் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அடுக்களை அடங்கியது.

நேற்று ஆயுத பூஜைக்கு எல்லாப் பெட்டிகளையும் அவர்தான் சுமந்துபோய்ச் சரஸ்வதி படத்தின் முன் அடுக்கினார், தன் பழைய ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில். அவள் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்கொரு பொட்டு, சந்தனமும் குங்குமமும். காலையில் எடுக்கும்போது மெமரியின் உறை மட்டும் பிரிந்திருந்தது. கடையில் சோதித்துப் பார்த்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

நான்காம் முறையாகக் கழற்றினாள்.

சீப்பு மாதிரி இரண்டு தகடுகள். அடியில் வரிசையாகத் தங்கப் பற்கள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூக்குக்குத் தெரிந்தது.

சந்தனம்.

ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். தங்கப் பற்களின் மேல், கிட்டத்தட்ட அதே நிறத்தில் காய்ந்து தீற்றிக் கிடந்தது. இரண்டிலும் ஒரே இடத்தில். பொடி உள்ளே உதிரக் கூடாதென்று குங்குமத்தை மட்டும் தவிர்த்திருக்கிறார். மெக்கானிக் அல்லவா!

அடப் பாவமே. இருப்பதிலேயே பளபளப்பான இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார் மனிதர்.

கோபம் வருமென்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். வரவில்லை. சிரிப்புதான் முட்டிக்கொண்டு வந்தது.

"என்னம்மா செண்பகம், ஏதாச்சும் தெரியுதா?"

உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி எடுத்துத் தரீங்களா மாமா?"

இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவள் அவருக்கு ஒரு வேலை சொன்னதில்லை. ஏதாவது செய்யக் கிடைத்ததே என்று அவர் ஓடினார்.

பழைய வரைபடப் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்தாள். அரக்கப் பரக்கத் தேய்த்தாள். விரித்திருந்த செய்தித்தாளில் மஞ்சள் துகள்கள் உதிர்ந்தன. பலகையில் மெமரி மாட்டும் பள்ளத்தைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டாள். மாட்டினாள். டக், டக்.

பொத்தான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. பாவி, அணையேன்.

அணைந்தது.

திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக இறங்கின.

அப்பாடா!

"வந்துட்டுல்லா!"

மாமனார் வாசலில் செம்போடு நின்றார். அவளுக்குக் கொண்டுவந்த தண்ணீரை அவரே மடக்மடக்கென்று குடித்தார்.

"என்ன கோளாறும்மா?"

"சரியா உக்காரல மாமா. நல்லா அழுத்திவிட்டேன்."

"அதான பாத்தேன்! பூசையில வச்ச பொருளு மோசம் போவுமா?" அடுக்களைக்குக் கேட்கும்படிதான் சொன்னார். "இரு, ஒரு பொட்டு வச்சிருவோம்."

வேண்டாமென்று அவள் சொல்வதற்குள் சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். திறந்து கிடந்த பெட்டியை நோக்கிக் குனிந்தார். விரல் நுனியில் சந்தனம்.

குனிந்தவர் நின்றார்.

செய்தித்தாளைப் பார்த்தார். மஞ்சள் துகளை இரண்டு விரலால் கிள்ளி எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

அவள் பெட்டியை மூட ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்து, திரையைப் பார்த்தபடி இருந்தாள்.



பிறகு அவர் செய்தித்தாளைத் தானே நாலாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். அவள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கினார்.

மரப்பிடியில் பொட்டு வைத்து, அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.